முதலில் கேள்வி, அப்புறம் எக்ஸெல்: கல்லூரி மாணவர் சேவைப் பிரிவு ஊழியர்களுக்குத் தரவும் மதிப்பீடும் பழக்கும் முறை

கல்லூரியில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன், ஹாஸ்டல் ஆபீஸ், பிளேஸ்மென்ட் செல், குறைதீர் பிரிவு, கவுன்சலிங் அறை இவற்றில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. நீங்கள் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம், ஆபீஸ் சூப்பிரண்டென்டாக இருக்கலாம், மாணவர் நல டீனாக இருக்கலாம்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். கல்லூரிக்குள் 'அசெஸ்மென்ட்' என்றால் எல்லோருக்கும் இன்டர்னல் மார்க்தான் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறு. நம் பிரிவு செய்யும் வேலை மாணவருக்கு உண்மையில் பயன்பட்டதா, எங்கே தடுக்கிறது என்று பார்க்கும் மதிப்பீடு. முதல் வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டால், "மார்க் போடுவது வாத்தியார் வேலை, எங்களை ஏன் கூப்பிட்டீர்கள்?" என்ற கேள்வியே பாதி நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

பெரும்பாலான இடங்களில் இந்தப் பயிற்சி இரண்டு நாள் எக்ஸெல் வகுப்பாகத் தொடங்குகிறது. திங்கட்கிழமை எல்லோரும் பழைய ரெஜிஸ்டருக்கே திரும்பிவிடுகிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. எதற்காகக் கற்கிறோம் என்பது கையில் இல்லாமல் கற்ற எதுவும் தங்காது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எக்ஸெல் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம். இந்த நேரத்தை முதல்வரின் எழுத்துபூர்வ உத்தரவாக வாங்குங்கள். வாய்மொழி அனுமதி முதல் நெருக்கடியிலேயே காற்றில் போய்விடும். கவுண்டரில் கூட்டம் இருக்கும்போது யாரும் பயிற்சிக்கு எழுந்து வர மாட்டார்கள், வரவும் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மாற்று ஆள் யார் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கட்டும்.

சேர்க்கை நடக்கும் வாரங்கள், தேர்வுக் கட்டணம் கட்டும் வாரங்கள், ஸ்காலர்ஷிப் போர்ட்டல் திறந்திருக்கும் வாரங்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டு பேர். பதவி வாரியாகப் பிரிக்காதீர்கள். கவுண்டரில் நாள் முழுக்க நிற்கும் ஆபீஸ் உதவியாளருக்குத் தெரிந்தது சூப்பிரண்டென்டுக்குத் தெரிவதில்லை. எந்தப் படிவத்தின் எந்தப் பெட்டியில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பதை அவர் பார்க்காமலே சொல்வார்.

ஒருவருக்கு ஒரு கணினி வேண்டும். இருவருக்கு ஒன்று கொடுத்தால் ஏற்கெனவே தெரிந்தவர் கையில்தான் மவுஸ் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். இதைப் பல வகுப்புகளில் பார்த்தாயிற்று. கணினி போதவில்லை என்றால் குழுவைச் சிறிதாக்குங்கள்.

கடைசியாக, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் உட்கார வேண்டும். முதல்வர், வார்டன், டீன் யாராக இருந்தாலும் சரி. கணக்குப் போட்டுக் காட்டினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் ஊழியர் கணக்குப் போடுவார்.

2. ஆளுக்கு ஒரு கேள்வி

முதல் வகுப்பில் கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்கள் கவுண்டரில் திரும்பத் திரும்ப வந்து உங்களைச் சோர்வடையச் செய்யும் ஒரு விஷயத்தை எழுதுங்கள்" என்று கேளுங்கள். கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும்.

ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் இருப்பவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: "அக்கா, என் ஃப்ரெண்டுக்கு வந்துருச்சு, எனக்கு மட்டும் ஏன் இன்னும் வரல?" ஒரே நாளில் முப்பது பேர் வந்து இதையே கேட்பார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது மூன்று மாதம் நின்றுபோனால், வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு மாணவிக்கு அது சின்ன விஷயம் இல்லை. இதைக் கவுண்டரில் இருப்பவர் நன்றாகவே உணர்ந்திருப்பார். அந்த உணர்வை ஒரு கேள்வியாக மாற்றுவதுதான் இந்தப் படி.

கேள்வி சரியானதா என்று மூன்று விதமாகச் சோதியுங்கள். இதற்கான பதிலை வைத்து யார் முடிவெடுப்பார்? எந்தத் தேதிக்குள்? பதில் இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கீழே வைத்துவிடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் நாம் செய்யப்போவது மாறாது என்றால், அதற்காக யாருடைய நேரத்தையும் எடுக்கக் கூடாது.

"மாணவர்கள் நம் சேவையில் திருப்தியாக இருக்கிறார்களா?" என்பது எல்லோரும் முதலில் எழுதும் கேள்வி. அது தேறாது. 70 சதவீதம் திருப்தி என்று வந்தால் என்ன செய்வீர்கள், 60 என்று வந்தால் வேறு என்ன செய்வீர்கள்? அதையே இப்படி மாற்றுங்கள்: "இந்த ஆண்டு திருப்பி அனுப்பப்பட்ட உதவித்தொகை விண்ணப்பங்கள் எந்தக் காரணங்களால் திரும்பின? அவற்றில் எதை நம் கவுண்டரிலேயே தடுத்திருக்கலாம்?" இதற்குப் பதில் கிடைத்தால் மறுநாள் காலையே ஒரு வேலையை மாற்றலாம்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஒரே கேள்வியில் நான்கைந்து விஷயங்களைக் கட்டுவது. ஹாஸ்டல் உணவு, தண்ணீர், வைஃபை, வார்டன் நடத்தை எல்லாம் ஒரே ஆய்வில் வேண்டும் என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்றவை அடுத்த பருவத்துக்கு.

3. ரகசியம், தரவைத் தொடும் முன்பே

இதைக் கடைசி வகுப்பில் வைப்பது வழக்கம். அதற்குள் மாணவர் பட்டியல் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி முடித்திருக்கும். அதனால்தான் மூன்றாவதாகவே வைக்கிறேன்.

பயிற்சிக்கு எடுக்கும் பிரதியில் பெயர், ஆதார் எண், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண், சாதி ஆகிய பத்திகள் இருக்கக் கூடாது. பதிவு எண்ணுக்குப் பதிலாக ஒரு வரிசை எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாக, ஒருவர் பொறுப்பில் வையுங்கள். சாதி வாரியாகப் பார்ப்பதுதான் கேள்வி என்றால், அதை மட்டும் தேவையான இடத்தில், தேவையான ஆள் மட்டும் சேர்க்கலாம்.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். காலேஜுக்கு வந்துவிட்டார்கள், இனி அவர்கள் பெரியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டு விஷயங்களைப் பயிற்சிப் பொருளாக எடுக்கவே கூடாது. ஒன்று, கவுன்சலிங் அறையில் பேசியவை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பது போதும். என்ன பேசினார்கள் என்பது அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. இரண்டு, பாலியல் துன்புறுத்தல் புகார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றின் விவரங்களை வெளியிடத் தடை விதித்திருக்கிறது. இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு பார்க்க வேண்டியதை மற்ற குறைகளோடு ஒரே ஷீட்டில் கலப்பது பெரிய தவறு.

4. புதிதாகச் சேகரிக்கும் முன், இருப்பதைத் தேடுங்கள்

கேள்வி கிடைத்ததும் கை தானாக கூகுள் ஃபார்ம் பக்கம் போகும். நிறுத்துங்கள். ஒரு முழு வகுப்பை, "இதற்கான பதிலில் எவ்வளவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது?" என்று தேடுவதற்கே ஒதுக்குங்கள்.

கல்லூரியில் இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். ஆண்டுதோறும் ஏ.ஐ.எஸ்.ஹெச்.இ. என்னும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு எண்ணிக்கை கொடுக்கிறோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் ஐந்தாவது அளவுகோல் முழுவதும் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்தான். உதவித்தொகை பெற்றவர்கள், வேலையில் சேர்ந்தவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள் எல்லாம் அதற்காக ஏற்கெனவே எண்ணப்பட்டிருப்பார்கள். அதோடு ஹாஸ்டல் கேட் ரெஜிஸ்டர், மெஸ் கணக்கு, பொனஃபைட் (இவர் நம் மாணவர் என்னும் சான்று) கேட்டு வந்த விண்ணப்பங்கள், உதவித்தொகை போர்ட்டலில் இருந்து இறக்கிய பட்டியல் எனப் பலவும் இருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள். மாணவர்கள் ஏற்கெனவே பல ஃபார்ம்களை நிரப்பிச் சலித்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதை உண்மையிலேயே தேவையான இடத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும். இன்னொன்று, ஒருவர் "எனக்குப் பணம் தாமதமாக வந்தது" என்று நினைவிலிருந்து சொல்வதைவிட, விண்ணப்பித்த தேதியும் வரவு வைக்கப்பட்ட தேதியும் துல்லியமாகப் பேசும்.

இந்த வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு சின்னக் குறிப்பு தயாரிக்கட்டும்: பதிவேட்டின் பெயர், யாரிடம் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து, நோட்டிலா கணினியிலா, என்ன விடுபட்டிருக்கிறது. பதிவேடு வைத்திருப்பவரிடம் நேரில் போய் அனுமதி கேட்கப் பழக்குங்கள். மேலிடத்திலிருந்து ஆணை வாங்கிப் பிடுங்கிய பதிவேடு ஒருமுறைதான் கிடைக்கும்.

5. ஒரு வரிசைக்கு ஒரு விண்ணப்பம்

இப்போதுதான் எக்ஸெல். இந்தப் படிக்கு மூன்று வாரம் கொடுங்கள். பின்னால் வரும் எல்லாத் தவறுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான் முதன்முதலில் பயிற்சி கொடுத்த ஒரு கல்லூரியில், ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் அக்கா தன் நீள ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். சிவப்பு மையில் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அழகான கையெழுத்தில் இருந்தது. கடைசிப் பத்தியின் தலைப்பு 'குறிப்பு'. அதில் ஓரிடத்தில் 'பேங்க் பிராப்ளம்', இன்னோரிடத்தில் 'ஆதார் லிங்க் இல்லை', அடுத்த பக்கத்தில் 'அ/க் சரியில்லை', 'பாஸ்புக் கேட்டது', 'பேங்க் போகச் சொன்னேன்'. எல்லாம் ஒரே காரணம்தான். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை. அவருக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பக்கங்களைப் பார்த்து எண்ணச் சொன்னால் யாராலும் எண்ண முடியாது. முதல்வரிடம் "பேங்க் பிரச்சினைதான் அதிகம் சார்" என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லியும் யாரும் காதில் வாங்காததற்குக் காரணம் அதுதான்.

அந்த ரெஜிஸ்டரைத்தான் நாங்கள் பயிற்சிப் பொருளாக எடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஷீட்டை எடுக்காதீர்கள். தன் பதிவேடு என்றால்தான் ஒருவர் அதன் ஓட்டைகளைப் பொறுமையாக அடைப்பார்.

விதி ஒன்றுதான்: ஒரு வரிசையில் ஒரு விண்ணப்பம், ஒரு பத்தியில் ஒரு விவரம், ஒரு கட்டத்தில் ஒரு பதில். 'தேதியும் காரணமும்' என்று ஒரே பத்தி இருந்தால் அதை இரண்டாக்குங்கள். கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள், ஃபில்டர் போட்டாலே குழம்பிவிடும். மஞ்சள் நிறம் என்றால் வந்துவிட்டது, பச்சை என்றால் நிலுவை என்று நிறத்தில் தகவலை வைக்காதீர்கள். நிறம் கண்ணுக்கு உதவும், ஆனால் பிவட் டேபிளில் (வகைவாரியாக எண்ணித் தரும் எக்ஸெல் அட்டவணை) வராது. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தமோ அதை ஒரு பத்தியில் எழுதுங்கள்.

காரணங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஆறு அல்லது ஏழுக்கு மேல் வேண்டாம்: ஆதார் இணைப்பு இல்லை, வருமானச் சான்று இல்லை அல்லது பழையது, பெயர் வேறுபாடு, கணக்கு செயல்பாட்டில் இல்லை, கல்லூரி சரிபார்ப்பு நிலுவை, மற்றவை. டேட்டா வேலிடேஷன் மூலம் இந்தப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்வு செய்யும்படி வையுங்கள். 'மற்றவை' என்பது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். திரும்பப் போய்ப் பாருங்கள். 'கல்லூரி சரிபார்ப்பு நிலுவை' என்பதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட யாராவது சொல்வார்கள். எடுக்காதீர்கள். நம் பக்கத்துத் தாமதத்தையும் எண்ணினால்தான் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் பெயர். ஆதாரில் தந்தை பெயரோடு, மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தோடு, பாஸ்புக்கில் முன்னெழுத்து பின்னால். எழுத்துக்கூட்டல்கூட இடத்துக்கு இடம் மாறும். அதனால் இரண்டு பட்டியலைச் சேர்க்கும்போது பெயரை வைத்துச் சேர்க்கவே கூடாது. நம் பயிற்சிப் பிரதியில் அந்த வரிசை எண், அசல் பதிவேட்டில் பல்கலைக்கழகப் பதிவு எண். எப்போதும் எண்ணை வைத்துத்தான்.

அந்தப் பதிவு எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அது 12 இலக்கம். எக்ஸெல் 12 இலக்க எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் சுருக்கி, நடுவில் புள்ளியும் 'இ' எழுத்துமாகக் காட்டும். வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றை எக்ஸெல் பூஜ்யமாக்கிவிடும், போனது திரும்பி வராது. முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். எனவே இப்படிப்பட்ட பத்திகளைத் தட்டச்சு செய்யும் முன்பே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணும் எழுத்துதான் என்று சொல்லிக்கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

தேதியை எல்லோரும் நாள், மாதம், ஆண்டு என்றே எழுதுவோம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். தாமதக் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். முதல் நாளே கணினியின் ரீஜன் அமைப்பைச் சரிபாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்தால் யூனிகோடில் மட்டும் செய்யுங்கள். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருக்கும் பட்டியல் வேறு கணினியில் பூச்சி எழுத்தாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. முதலில் மாற்றி எடுத்து, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

6. திருத்தியதை எழுதி வையுங்கள்

மூலப் பிரதியைத் தொடாதீர்கள். கோப்பின் பெயரில் தேதி போட்டு ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் திருத்துங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்தால் ஒரு மாதம் கழித்து எது சரியானது என்று வைத்தவருக்கே தெரியாது.

பக்கத்தில் ஒரு ஷீட்டில், என்ன மாற்றினோம், ஏன் என்று ஒரு வரி. 'இரண்டு முறை பதிவான 7 விண்ணப்பங்கள் நீக்கம், பிந்தைய தேதி உள்ளது வைக்கப்பட்டது' என்பது போல. யாராவது எண்ணைக் கேள்வி கேட்டால் இந்த ஷீட்தான் ஊழியரைக் காப்பாற்றும். காலியான கட்டத்தைத் தோராயமாக நிரப்பக் கூடாது. தெரியாது என்றால் 'விவரம் இல்லை' என்றே இருக்கட்டும்.

7. எண்ணுங்கள், ஆனால் எதில் எத்தனை என்று கேளுங்கள்

இங்கே பிவட் டேபிள் கற்றுக்கொடுங்கள். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு விவரம் தேடி எடுக்கும் வி-லுக்கப் (VLOOKUP) போன்றவை தேவைப்பட்டவருக்கு மட்டும். வரைபடங்களைக் கடைசியாக வையுங்கள்.

கற்பிக்க வேண்டிய முக்கியமான விஷயம் வகுக்கும் எண். ஒரு துறையில் 20 விண்ணப்பங்கள் திரும்பின, இன்னொரு துறையில் 8 என்று வைத்துக்கொள்வோம். முதல் துறைதான் மோசம் என்று கை தூக்குவார்கள். முதல் துறையில் விண்ணப்பித்தவர்கள் 200 பேர், இரண்டாவதில் 20 பேர் என்று அப்புறம் சொல்லுங்கள். 10 சதவீதம், 40 சதவீதம். வகுப்பில் ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்குப் பின் யாரும் வெறும் எண்ணிக்கையை நம்ப மாட்டார்கள்.

அடுத்தது சராசரி. எட்டு மாணவர்கள் பொனஃபைட் வாங்கக் காத்திருந்த நாட்கள் 3, 3, 4, 4, 5, 5, 6, 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 11 நாளுக்கு மேல் வரும். ஆனால் அந்த எட்டுப் பேரில் யாருமே 11 நாள் காத்திருக்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 4.5. கவுண்டர் ஒழுங்காகத்தான் நடக்கிறது, ஒரே ஒரு விண்ணப்பம் எங்கோ மாட்டியிருக்கிறது. அந்த 60ஐ விட்டுவிடாதீர்கள். அதைத் தனியாக எடுத்து, என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். அந்த மாணவருக்கு அது கல்விக் கடன் கைநழுவிய இரண்டு மாதமாக இருக்கலாம்.

சிறிய குழுக்களில் சதவீதம் வேண்டாம். ஐந்து பேரில் இரண்டு பேரை '40 சதவீதம்' என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுவார், கூடவே அந்த இருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தும்விடும். பத்துப் பேருக்குக் குறைவான குழுவை வேறு குழுவோடு சேர்த்துக் காட்டுங்கள்.

குறைதீர் பிரிவுக்கு ஒரு குறிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, மாணவர் குறைதீர் குழு புகார் வந்த 15 வேலைநாட்களுக்குள் அறிக்கை கொடுப்பது முறை. உங்கள் பதிவேட்டில் புகார் வந்த தேதியும் அறிக்கை போன தேதியும் தனித்தனிப் பத்திகளில் இல்லையென்றால் இதைக் கணக்கிடவே முடியாது. 'தீர்க்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் போதாது.

8. இப்போதும் தேவைப்பட்டால் மட்டும் கருத்துக்கணிப்பு

பதிவேடு 'எத்தனை', 'எப்போது' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. அதற்கு மாணவரிடம்தான் கேட்க வேண்டும்.

பத்துக் கேள்விகள் போதும். ஒரு கேள்வியில் ஒரே விஷயம். "மெஸ் உணவு சுவையாகவும் சுத்தமாகவும் இருக்கிறதா?" என்று கேட்டால், சுவை உண்டு, சுத்தம் இல்லை என்று நினைப்பவர் எதை அழுத்துவார்? "எங்கள் புதிய டோக்கன் முறை உங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது?" என்பதில் உதவியாக இருந்தது என்று நாமே சொல்லிவிட்டோம். இப்படிப்பட்ட கெட்ட கேள்விகளை வகுப்பில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். இலக்கணம் சொல்வதைவிட இது விரைவாகப் பதியும்.

கேள்விகளைத் தமிழிலும் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதல் தலைமுறைப் பிள்ளைதான் முதலில் விலகிப்போகும். உதவி அதிகம் தேவைப்படுபவரும் அவர்தான்.

அனுப்பும் முன் ஐந்து மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, "இது என்ன கேட்கிறது?" என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். இதைத் தவிர்த்த எந்தப் படிவமும் பழுதில்லாமல் வந்து நான் பார்த்ததில்லை.

எப்படி நிரப்பவைக்கிறோம் என்பது கேள்வியைவிட முக்கியம். துறைத் தலைவர் லேபில் நின்று, "எல்லாரும் ஃபில் பண்ணிட்டுத்தான் வெளியே போகணும்" என்று சொன்னால் நூறு சதவீதப் பதில் வரும், ஒன்றுக்கும் உதவாது. வார்டன் அறையில் உட்கார்ந்து வார்டனைப் பற்றி யார் உண்மை எழுதுவார்? பதில் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, பயமில்லாமல் எழுதட்டும். 'பெயர் தேவையில்லை' என்று எழுதிவிட்டு ஃபார்மில் மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பை நிறுத்த மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒருமுறை மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கல்லூரியில் நெடுநாளைக்கு நேர்மையான பதில் வராது.

யார் பதில் தரவில்லை என்றும் பாருங்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் நிறைய எழுதி, பஸ்ஸில் வந்து போகிறவர்கள் எழுதவே இல்லை என்றால், அந்த முடிவு ஹாஸ்டலுக்கு மட்டும்தான் பொருந்தும். அதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். விடுபட்டவர்களில் ஆறேழு பேரை மரத்தடியிலோ பஸ் ஸ்டாப்பிலோ சந்தித்துப் பேசினால் போதும். பேசும்போது குறிப்பெடுப்பவர் வேறு ஒருவராக இருக்கட்டும்.

9. ஒரு பக்கம்

அறிக்கை ஒரு பக்கம். முதல் வரியில் கேள்வி, இரண்டாவது வரியில் பதில். அடுத்து மூன்று எண்கள், அவற்றின் வகுக்கும் எண்களோடு. பிறகு, நமக்கு இன்னும் தெரியாதது என்ன. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி.

கோரிக்கை கையெழுத்துப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்றால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். "விண்ணப்பம் வாங்கும் அன்றே ஆதார் இணைப்பைச் சரிபார்க்க, முதல் வாரத்தில் வங்கி ஊழியர் ஒருவரைக் கல்லூரிக்கு அழைக்க அனுமதி வேண்டும்" என்றால் முதல்வர் அங்கேயே பதில் சொல்லலாம்.

இதைக் கடைசி வகுப்பில் ஊழியரே நின்று சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை. தன் ரெஜிஸ்டரைப் பற்றி அவரைவிட யாருக்கும் அதிகம் தெரியாது, இரண்டாவது நிமிடத்தில் குரல் தானாக நிலைக்கு வந்துவிடும்.

10. மாணவர்களிடம் திரும்பிச் சொல்லுங்கள்

அதிகம் விட்டுப்போகும் படி இது. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அடுத்த முறை ஃபார்மைத் திறக்கக்கூட மாட்டார்கள். நோட்டீஸ் போர்டில் மூன்று வரி போதும்: நீங்கள் இதைச் சொன்னீர்கள், நாங்கள் இதை மாற்றினோம், இதை இந்தக் காரணத்தால் இப்போது மாற்ற முடியவில்லை. மூன்றாவது வரியை எழுதத் தயங்குவார்கள். அதை எழுதினால்தான் முதல் இரண்டையும் நம்புவார்கள்.

11. பயிற்சி பலித்ததா என்று பார்ப்பது

பயிற்சி முடிந்த அன்று வாங்கும் ஃபீட்பேக் படிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் கவுண்டருக்குப் போங்கள். குறை கண்டுபிடிக்கப் போவதாக இருக்கக் கூடாது, உதவிக்குப் போங்கள். காரணப் பட்டியல் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா? கடைசியாக எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது? திருத்தக் குறிப்பு ஷீட் வளர்ந்திருக்கிறதா? அந்த எண்களை வைத்து ஏதாவது ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறதா?

பட்டியல் பாதியில் நின்றுபோயிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டிய இரட்டை வேலைதான் காரணமாக இருக்கும். ஆடிட்டுக்காக நோட்டு வேண்டும் என்றால், மாதக் கடைசியில் ஷீட்டை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஒட்ட அனுமதி வாங்கிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் இன்னொரு பயிற்சி வைப்பதில் பயன் இல்லை.

எல்லோரும் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. ஐந்தாவது படி வரை அனைவருக்கும் வேண்டும். எண்ணுவதும் கேள்வி தயாரிப்பதும் பிரிவுக்கு ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது என்ன ஆகும் என்று இப்போதே யோசித்து, அடுத்த குழுவில் அவருக்குத் துணையாக இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் குழுவுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். முதல் குழுவில் தன் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தவர் எடுக்கட்டும், நீங்கள் பின் வரிசையில் உட்காருங்கள்.